நம் ஓடை நலமாக இருக்கிறதா?

மலைநாட்டில் வாழ்வோருக்குத் தண்ணீர்க் கஷ்டம் எங்கே வரப் போகிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதுண்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓர் ஓடை சலசலக்கிறது. மலைச்சரிவில் ஊறும் நீர் தேயிலை மலைகளைக் கடந்து, லயன்களின் ஓரமாக இறங்கி, மரக்கறித் தோட்டங்களுக்குப் பாய்ந்து, பின் பெரிய ஆற்றில் சேர்கிறது. பீலியில் பிடித்துக் குடிப்பதும், குளிப்பதும், துவைப்பதும், மாட்டைக் கழுவுவதும் அதே நீரில்தான். இவ்வளவு நெருக்கமாக நம்மோடு வாழும் அந்த ஓடை நலமாக இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் நம்மில் பலருக்குப் பதில் தெரிவதில்லை.

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே" என்பார் ஒருவர். "மீன் ஓடுதே, அப்ப நல்ல தண்ணிதான்" என்பார் மற்றொருவர். "ஓடுற தண்ணிக்கு அழுக்கு ஏது?" என்பது பெரியவர்களின் வழக்கமான பேச்சு. இம்மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு; ஆனால் இவற்றில் எதையும் முழுதாக நம்பி இருந்துவிட முடியாது. கண்ணாடி போன்ற நீரிலும் நோய்க்கிருமி இருக்கலாம். கப்பி மீனும் திலாப்பியாவும் அழுக்கு நீரையும் தாங்கி வாழக்கூடியவை. ஓடும் நீர் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் என்பது மெய்தான்; ஆனால் அதன் சக்திக்கும் ஓர் எல்லை உண்டு.

ஓடையின் நலத்தை அறிய விஞ்ஞானிகள் ஒரு நல்ல வழியைக் கண்டிருக்கிறார்கள். பெரிய செலவோ விலையுயர்ந்த கருவியோ அதற்குத் தேவையில்லை. ஓர் இளைஞர் மன்றமோ மாதர் சங்கமோ பாடசாலை மாணவர் குழுவோ ஒரு காலைப் பொழுதில் செய்து முடிக்கலாம். அந்த வழியை எமது வாசகர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நானு ஓயாவின் பயணம்

எடுத்துக்காட்டாக நானு ஓயாவை எண்ணிப் பார்ப்போம். இலங்கையின் மிக உயர்ந்த மலையான, 2,524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகலைப் பக்கத்தில் இது பிறக்கிறது. மேலே அடர்ந்த மலைக்காடு. கீழே இறங்கியதும் நுவரெலியா நகரம். அங்கே ஆளுநர் சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873 இல், அமைக்கப்பட்ட கிரகரி வாவி இருக்கிறது. நகரைச் சுற்றிலும் கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்குத் தோட்டங்கள். அதற்கப்பால் தேயிலையும் லயன்களும். இவற்றையெல்லாம் கடந்து இந்த ஆறு கொத்மலை ஓயாவோடு கலக்கிறது. கொத்மலை ஓயா மகாவலியோடு சேர்கிறது. 335 கிலோமீற்றர் நீளமுள்ள மகாவலி, திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் கடலை அடைகிறது. வழியில் பொல்கொல்லையில் அதன் நீரின் ஒரு பகுதி 1976 ஆம் ஆண்டிலிருந்து வடக்கு நோக்கித் திருப்பப்பட்டு வயல்களுக்குப் போகிறது.

ஆக, மலையுச்சியில் ஓர் ஓடையில் நாம் விடுவது எதுவோ, அது நம் வேலியோடு நின்றுவிடுவதில்லை. கீழே குடிப்பவரும், அதற்குக் கீழே விவசாயம் செய்பவரும், குளத்தில் மீன் பிடிப்பவரும் அதில் பங்காளிகள். 1985 இல் இயங்கத் தொடங்கிய கொத்மலை நீர்த்தேக்கத்தில் 1991 ஆம் ஆண்டில் நீலப்பச்சை அல்கா பெருமளவில் படர்ந்தது. மேலிருந்து வரும் நீரில் பசளைச் சத்து மிகும்போது தேங்கிய நீரில் நேரக்கூடியது இது. மலைச்சரிவில் இட்ட பசளை மழையில் கழுவுண்டு, ஒவ்வொரு சிற்றோடையாக இறங்கி, தேங்கிய இடத்தில் தன் முகத்தைக் காட்டுகிறது. வாவியிலும் நீர்த்தேக்கத்திலும் தெரியும் நோயின் தொடக்கம் ஓடைகளில்தான். ஆகவே ஓடையைப் பார்க்கப் பழக வேண்டும்.

போத்தல் சொல்வதும் புழு சொல்வதும்

நீரைச் சோதிப்பதென்றால் ஒரு போத்தலில் பிடித்து ஆய்வுகூடத்திற்கு அனுப்புவதே நம் நினைவுக்கு வரும். அது அவசியமானதுதான். ஆனால் அந்தப் போத்தல், நீர் பிடித்த அந்தக் கணத்தின் கதையை மட்டுமே சொல்லும். முந்தின நாள் மாலை மேலே ஒருவர் மருந்துத் தாங்கியைக் கழுவியிருப்பார். அந்த நஞ்சு இரவோடு இரவாக ஓடிப் போயிருக்கும். காலையில் பிடித்த போத்தலில் அதன் அடையாளமே இராது.

ஆனால் ஓடையின் கற்களுக்கு அடியில் வாழும் சின்னஞ்சிறு உயிர்கள் எங்கும் ஓடிப் போவதில்லை. மாதக்கணக்கில் அங்கேயே இருந்து, இரவும் பகலும் அந்த நீரிலேயே மூச்சு விடுகின்றன. நஞ்சு வந்தால் அவை சாகும். ஒட்சிசன் குறைந்தால் மூச்சுத் திணறும். சேறு படிந்தால் ஒதுங்க இடமின்றிப் போகும். ஆகையால் எந்த உயிர்கள் இருக்கின்றன, எவை காணாமற் போயின என்று பார்த்தால், கடந்த பல வாரங்களில் அந்த ஓடைக்கு என்ன நேர்ந்தது என்பதை ஊகிக்கலாம். போத்தல் ஒரு புகைப்படம் என்றால், இந்த உயிர்கள் ஒரு நாட்குறிப்பு எனலாம்.

இது புதிய கண்டுபிடிப்பன்று. ஜெர்மனியில் கோல்க்விற்ஸ், மார்சன் என்ற இரு விஞ்ஞானிகள் 1908, 1909 ஆம் ஆண்டுகளிலேயே, எவ்வளவு அழுக்கில் எந்த உயிர் வாழும் என்று வகைப்படுத்தி எழுதினார்கள். பிரித்தானியாவில் 1976 இல் அமைக்கப்பட்ட ஒரு குழு, ஒவ்வோர் உயிர்க் குடும்பத்திற்கும் 1 முதல் 10 வரை புள்ளி கொடுக்கும் முறையை உருவாக்கியது. தென்னாபிரிக்காவில் மாணவரும் ஊர் மக்களும் செய்யக்கூடியதாக, 13 வகை உயிர்களை மட்டும் வைத்து ஓர் எளிய முறையை ஆக்கியிருக்கிறார்கள். படித்தவர்களின் கையில் மட்டும் இருந்த ஓர் அறிவு இப்படிச் சாதாரண மக்களின் கைக்கும் வந்திருக்கிறது.

நீருக்கும் மூச்சு வேண்டும்

உயிர்களைப் பார்க்குமுன் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். நீரில் வாழும் பெரும்பாலான உயிர்கள் நீரில் கரைந்துள்ள ஒட்சிசனைச் சுவாசிக்கின்றன. குளிர்ந்த நீர் அதிக ஒட்சிசனைத் தாங்கும். சூடேறிய நீர் குறைவாகவே தாங்கும். கடல் மட்டத்தில், 20 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். 30 பாகையில் அது ஏறக்குறைய 7.5 மில்லிகிராமாகக் குறையும். கல்லில் மோதி வெண்மையாக நுரைத்துப் பாயும்போது நீர் காற்றைத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. மலை ஓடைகளின் குளிர்ச்சியும் வேகமும் இதனால்தான் பெரும் செல்வம்.

இப்போது இந்த நீரில் மலசலகூடக் கழிவோ, மாட்டுச் சாணமோ, அழுகிய மரக்கறியோ சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இவற்றைத் தின்ன பற்றீரியாக்கள் பெருகும். அவையும் மூச்சு விடவேண்டும் அல்லவா? நீரிலுள்ள ஒட்சிசனை அவை எடுத்துக்கொள்ள, மற்றைய உயிர்களுக்கு இல்லாமற் போகிறது. கரையிலிருந்த மரங்களையும் வெட்டிவிட்டால் வெயில் நேரே விழுந்து நீர் சூடேறும்; ஒட்சிசன் மேலும் குறையும். இப்படி ஒரு கேடு மற்றொரு கேட்டைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறது.

கல்லைப் புரட்டிப் பாருங்கள்

ஓடையில் இறங்கி, வேகமாக நீர் பாயும் இடத்தில், உள்ளங்கை அகலமுள்ள ஒரு கல்லை மெதுவாகத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே காணும் உயிர்களை மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம்.

முதற் கூட்டம், அழுக்கைத் தாங்காதவை. இவற்றில் முக்கியமானது மே ஈ என்னும் பூச்சியின் குடம்பி. பெரும்பாலும் மூன்று மெல்லிய வால்கள் இருக்கும். வயிற்றின் இரு பக்கமும் இறகு போன்ற செவுள்கள் துடித்துக்கொண்டிருக்கும். வளர்ந்து சிறகு முளைத்ததும் ஓரிரு நாளே உயிர் வாழும் இப்பூச்சி, அதற்கு முன் பல வாரங்கள், சில வேளை மாதங்கள், நீருக்குள் கழிக்கிறது. அடுத்தது கல் ஈயின் குடம்பி. இதற்கு இரண்டு வால்கள் மட்டுமே. ஒவ்வொரு காலின் நுனியிலும் இரண்டு நகங்கள். இலங்கையில் கல் ஈ இனங்கள் மிகச் சிலவே. ஆகையால் இதைக் கண்டால் மகிழலாம். காணாவிட்டால் உடனே ஓடை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டலாகாது. மூன்றாவது கடிஸ் ஈயின் குடம்பி. இவற்றிற் பல, மணலையும் குச்சியையும் தன் வாயிலிருந்து வரும் பட்டுநூலால் ஒட்டி வீடு கட்டி அதற்குள் வாழ்கின்றன. வேறு சில, கற்களுக்கிடையே சிறு வலை பின்னி இரை பிடிக்கின்றன. நான்காவது, கல்லோடு ஒட்டிய சிறு நாணயம் போல் தட்டையாக இருக்கும் ஒரு வண்டின் குடம்பி. நீர்க்காசு என்றே இதை அழைக்கலாம்.

இரண்டாம் கூட்டம், ஓரளவு அழுக்கைத் தாங்குபவை. தும்பியின் குடம்பிகள், ஊசித்தும்பியின் குடம்பிகள், நண்டு, இறால், சிலவகை வண்டுகள் ஆகியன இதில் அடங்கும். நன்னீர் நண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கையில் 50 இற்கு மேற்பட்ட நன்னீர் நண்டு இனங்கள் உள்ளன. ஏறக்குறைய அத்தனையும் உலகில் வேறெங்கும் இல்லாதவை. சில இனங்கள் ஒரு சில ஓடைகளில் மட்டுமே வாழ்கின்றன. அப்படிப்பட்ட ஓர் ஓடை கெட்டால், உலகத்திலிருந்தே ஓர் இனம் அழிந்து போகலாம்.

மூன்றாம் கூட்டம், அழுக்கைத் தாங்குபவை. அட்டைகள், மெல்லிய சேற்றுப் புழுக்கள், நுரையீரலால் மூச்சுவிடும் நத்தைகள், சிவப்பு நிறமான சிறு குடம்பிகள் முதலியன. இந்தச் சிவப்புப் புழுவின் நிறத்திற்குக் காரணம் நம் இரத்தத்தில் உள்ளது போன்ற ஈமோகுளோபின் ஆகும். ஒட்சிசன் குறைந்த சேற்றிலும் அது அதைப் பற்றி வைத்துக்கொள்ளும். நீண்ட வால் போன்ற குழாயை நீர்மட்டத்திற்கு நீட்டி வெளிக்காற்றைச் சுவாசிக்கும் ஒருவகைப் புழுவும் உண்டு. அது நிறைந்திருந்தால் அந்த நீர் சாக்கடையாகிவிட்டது என்றே கொள்ளலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்றாம் கூட்டத்து உயிர்கள் நல்ல ஓடையிலும் சில இருக்கும். அட்டையைக் கண்டவுடன் அஞ்ச வேண்டியதில்லை. முதற் கூட்டம் மறைந்து, மூன்றாம் கூட்டம் மட்டும் பெருகியிருப்பதுதான் ஆபத்தின் அடையாளம்.

ஆராய்வது எப்படி?

தேவையானவை: ஒரு பழைய நுளம்பு வலைத் துண்டு, அதைக் கட்ட இரண்டு கம்புகள், வெள்ளை நிறப் பேசின் ஒன்று, ஒரு கரண்டி, உருப்பெருக்கிக் கண்ணாடி, கொப்பி, பென்சில். இவ்வளவே.

வேகமாக நீர் பாயும், கற்கள் நிறைந்த, முழங்காலுக்கு மேற்படாத ஆழமுள்ள இடத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும். ஒருவர் வலையை நீரோட்டத்திற்குக் குறுக்காக, அடிப்பக்கம் தரையில் படியும்படி பிடித்துக்கொள்ள, மற்றவர் வலைக்கு மேற்பக்கம் நின்று, ஏறக்குறைய ஒரு சதுர மீற்றர் இடத்திலுள்ள கற்களைக் கையால் தேய்த்து, பின் காலால் கிளற வேண்டும். கிளம்பும் உயிர்கள் நீரோடு வந்து வலையில் தங்கும். மூன்று நிமிடம் கிளறினால் போதும். எல்லா இடத்திலும் அதே அளவு நேரம் கிளறுவது முக்கியம். இல்லையேல் ஒப்பிட முடியாது. வலையைப் பேசினில் உதறி, சிறிது நீர் விட்டு, அசைவனவற்றைப் பார்த்து வகைப்படுத்தி எழுத வேண்டும். எழுதியபின் அவற்றை மீண்டும் ஓடையிலேயே விட்டுவிட வேண்டும்.

சில எச்சரிக்கைகள். மேலே மலையில் மழை இருண்டிருந்தால் ஓடையில் இறங்கலாகாது. மலை ஓடை கண்மூடித் திறப்பதற்குள் பெருகும். அணைக்கட்டுகளுக்குக் கீழே ஒருபோதும் செய்யலாகாது. கையிலோ காலிலோ புண் இருப்பவர் நீரில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் அவ்வழியே தொற்றக்கூடும். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும். சிறுவர்கள் பெரியவர் துணையின்றிச் செல்லலாகாது.

பெருவெள்ளம் வந்தால் கற்கள் புரண்டு உயிர்கள் அடித்துச் செல்லப்படும். ஆகையால் வெள்ளத்திற்குப் பின் இரண்டு மூன்று வாரம் பொறுத்தே ஆராய வேண்டும். நுவரெலியாப் பக்கத்தில் வரட்சியான பெப்ரவரி, மார்ச் மாதங்களில் ஒரு முறையும், தென்மேல் பருவ மழை ஓய்ந்தபின் ஒரு முறையும் செய்வது நல்லது. வரட்சிக் காலத்தில் நீர் குறைவதால் அதே அளவு கழிவு அதிகக் கேட்டை விளைவிக்கும். ஓடையின் பலவீனம் வெளிப்படும் காலம் அதுவே.

கணக்கு மிக எளிது

அமெரிக்காவில் ஊர்க் குழுக்கள் பல ஆண்டுகளாகக் கையாளும் ஒரு கணக்கு முறை உண்டு. முதற் கூட்டத்தில் எத்தனை வகை கிடைத்ததோ அதை 3 ஆல் பெருக்க வேண்டும். இரண்டாம் கூட்டத்து வகைகளை 2 ஆலும், மூன்றாம் கூட்டத்து வகைகளை 1 ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். எத்தனை உயிர்கள் என்பதன்று, எத்தனை வகை என்பதே கணக்கு. மொத்தம் 22 இற்கு மேல் வந்தால் மிக நன்று. 17 முதல் 22 வரை நன்று. 11 முதல் 16 வரை சுமார். 11 இற்குக் குறைந்தால் மோசம்.

உதாரணமாக, ஓரிடத்தில் முதற் கூட்டத்தில் 5 வகை, இரண்டாவதில் 4, மூன்றாவதில் 2 கிடைத்தன என்று கொள்வோம். 15 உம் 8 உம் 2 உம் சேர்ந்து 25. கீழே மற்றோரிடத்தில் 1, 2, 3 வகைகள் கிடைத்தால் 3 உம் 4 உம் 3 உம் சேர்ந்து 10 தான். இவ்விரண்டு இடங்களுக்கும் நடுவே ஓடைக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்பதை ஒரு சிறுவனும் கண்டுகொள்வான்.

இந்த எல்லைகள் அந்நாட்டு ஓடைகளை வைத்து வகுக்கப்பட்டவை என்பதை மறக்கலாகாது. ஆகையால் 16 என்றும் 17 என்றும் எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதாடுவதில் பயனில்லை. ஒரே ஓடையில் மேலிடத்தையும் கீழிடத்தையும், இந்த ஆண்டையும் அடுத்த ஆண்டையும் ஒப்பிடுவதற்கே இக்கணக்கு நமக்கு உதவும்.

கரையும் ஓடையின் உடம்புதான்

நீரை மட்டும் பார்த்தால் போதாது. கரையில் நிழல் தரும் மரம் உண்டா? வேர்கள் மண்ணைப் பிடித்திருக்கின்றனவா, அல்லது கரை இடிந்து விழுகிறதா? மரக்கறிப் பாத்தி ஓடையின் விளிம்புவரை வந்துவிட்டதா? தேயிலை பிடுங்கி மறுநடுகை செய்த மலையிலிருந்து சேறு இறங்குகிறதா? கற்களுக்கிடையே இடைவெளி இருக்கிறதா, மண் நிரம்பி அடைத்துவிட்டதா? கற்களில் பச்சைப் பாசி நீண்ட முடி போல் படர்ந்திருக்கிறதா? பொலித்தீனும் பழைய துணியும் வேரில் சிக்கியிருக்கின்றனவா? இவற்றையும் கொப்பியில் எழுத வேண்டும்.

சேற்றைப் பற்றிச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். நஞ்சு இல்லாத வெறும் மண்ணும் ஓடைக்குக் கேடுதான். கற்களுக்கிடையேயுள்ள சந்துகளே சிற்றுயிர்களின் வீடு. மண் அவற்றை அடைத்துவிட்டால் அவை குடியிருக்க இடமின்றிப் போகின்றன. மழை நாளில் ஒரு கண்ணாடிப் போத்தலில் ஓடை நீரைப் பிடித்து ஓர் இரவு அசையாமல் வைத்து, அடியில் எவ்வளவு மண் படிகிறதென்று பாருங்கள். அது நம் மலையின் மேல்மண். பல தலைமுறைக்குச் சோறு போட வேண்டிய செல்வம் அப்படிக் கரைந்து போகிறது.

பழி யார் மேல்?

இந்த ஆராய்ச்சியால் நமக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். மலைநாட்டில் ஓர் ஓடை நாறினால், பழி பெரும்பாலும் முதலில் விழுவது லயத்து மக்கள் மீதே. "இவர்கள்தான் அசுத்தம் செய்கிறார்கள்" என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். ஒரு காம்பிராவில் ஒரு குடும்பத்துக்கு மேல் வாழும் நிலையையும், மலசலகூடம் போதாமையையும், குழாய் நீர் வராத குறையையும் எவரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே ஓடையை ஓரிடத்தில் மட்டும் பார்க்காமல் வரிசையாகப் பார்க்க வேண்டும். காட்டோரத்தில் ஓரிடம், மரக்கறித் தோட்டத்திற்குக் கீழே ஓரிடம், லயன்களுக்கு மேலே ஓரிடம், லயன்களுக்குக் கீழே ஓரிடம், அதற்கும் அரை மைல் கீழே ஓரிடம். லயன்களுக்கு மேலேயே புள்ளி விழுந்திருந்தால், ஓடை நம்மிடம் வருமுன்னரே நோயாளியாக வருகிறது என்பது தெளிவு. அப்போது கேள்வி கேட்க வேண்டியது மேலே உள்ளவர்களை. லயன்களைத் தாண்டியபின்தான் புள்ளி விழுகிறது என்றால், குறை நம் பக்கத்தில். அதையும் நேர்மையோடு ஏற்றுக்கொள்ள வேண்டும். நமக்குச் சாதகமான பதிலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைத்தால், அடுத்தமுறை நம் பேச்சை எவரும் நம்பமாட்டார்கள். கடைசி இடத்தில் புள்ளி மீண்டும் ஏறியிருந்தால், ஓடைக்குத் தன்னைக் குணப்படுத்தும் சக்தி இன்னும் இருக்கிறது என்று ஆறுதலடையலாம்.

கல்லின் அடியில் வாழும் புழுவுக்கு துரையும் தெரியாது, தொழிலாளியும் தெரியாது. எவர் பக்கமும் சாயாத சாட்சி அது.

குடிக்கலாமா?

இங்கே மிக முக்கியமான ஓர் எச்சரிக்கை. ஓடை நலமாக இருக்கிறது என்பதும் அந்த நீரைக் குடிக்கலாம் என்பதும் ஒன்றல்ல. 25 புள்ளி பெற்ற ஓடையிலும், மேலே ஒருவர் மலங்கழித்திருந்தால் நெருப்புக் காய்ச்சலோ மஞ்சட் காமாலையோ வயிற்றோட்டமோ வரலாம். மே ஈக்கு ஒன்றும் செய்யாத கிருமி மனிதக் குழந்தையைக் கொல்லக்கூடும். குடிநீரின் 100 மில்லிலீற்றரில் மலத்திலிருந்து வரும் ஈ. கோலை பற்றீரியா ஒன்றுகூட இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. நைத்திரேற்று ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பதும் அதன் விதி.

மலக் கலப்பை அறிய எளிய சோதனை ஒன்றை இந்திய ஆய்வாளர்கள் 1982 இல் வெளியிட்டார்கள். மருந்தூட்டிய காகிதத் துண்டுள்ள சிறு போத்தலில் நீரை ஊற்றி இளஞ்சூடான இடத்தில் ஓரிரு நாள் வைத்தால், மலக் கலப்புள்ள நீர் கறுத்துவிடும். கறுத்தால் குடிக்கலாகாது. கறுக்காவிட்டாலும் கொதிக்க வைத்தே குடிப்பது நல்லது. நுவரெலியாவின் உயரத்தில் நீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். கிருமிகள் சாக அந்தச் சூடு போதுமானதே. ஆயினும் முதல் குமிழியைக் கண்டதும் இறக்காமல், நன்றாகத் தளதளவென்று சில நிமிடம் கொதிக்க விடவேண்டும்.

அறிந்தபின் செய்ய வேண்டியவை

நோயைக் கண்டறிந்துவிட்டு மருந்து கொடுக்காமல் இருப்பது வீண். நம் கையில் உள்ளவற்றை முதலில் செய்வோம். துவைக்கும் கல்லை ஓடைக்குள் வைக்காமல் கரையிலிருந்து சற்றுத் தள்ளி, சவர்க்கார நீர் மண்ணில் ஊறும்படி வைக்கலாம். மருந்துத் தாங்கியையும் வெற்றுப் போத்தல்களையும் ஓடையில் கழுவும் பழக்கத்தை அடியோடு நிறுத்த வேண்டும். கோழி எருவையும் மாட்டெருவையும் கரையில் குவிக்காமல், கூரை போட்ட குழியில் மக்கவிட வேண்டும். மலசலகூடக் குழியை ஊற்றுக்கும் ஓடைக்கும் மேலே வெட்டலாகாது. ஓடையின் இரு பக்கமும் சில அடி இடத்தைப் பயிரிடாமல் விட்டு, அவ்விடத்துக்குரிய காட்டு மரங்களையும் மூங்கிலையும் புல்லையும் வளர விட்டால், அவை சேற்றையும் பசளையையும் வடிகட்டிப் பிடித்துக்கொள்ளும்.

நம் கைக்கு மேற்பட்டவையும் உண்டு. அவற்றிற்குச் சட்டம் இருக்கிறது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951 ஆம் ஆண்டிலேயே வந்தது. தேசிய சுற்றாடல் சட்டம் 1980 இல் நிறைவேறி, அதன் கீழ் மத்திய சுற்றாடல் அதிகார சபை அமைந்தது. களைகொல்லியான கிளைபோசேற்று 2015 இல் தடை செய்யப்பட்டு, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதைத் தெளிக்கும் இடங்களில் ஓடைக்கரையை விட்டுவைக்கும்படி நாம் கேட்க வேண்டும். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் சேவை செய்வதற்கு நெடுங்காலம் தடையாக இருந்தது. 2018 இல் அது திருத்தப்பட்டது. ஆகவே குப்பை அகற்றவும் வடிகால் கட்டவும் தோட்ட மக்கள் இன்று பிரதேச சபையிடம் உரிமையோடு கேட்கலாம்.

கேட்கும்போது வெறுங்கையோடு போகலாகாது. "தண்ணி கெட்டுப் போச்சு, ஐயா" என்று மட்டும் சொன்னால் "பார்க்கலாம்" என்று பதில் வரும். இரண்டு ஆண்டுகள், நான்கு முறை, ஐந்து இடங்களில் ஆராய்ந்து, தேதியும் இடமும் புள்ளியும் எழுதிய ஒரு கொப்பியை மேசை மேல் வைத்தால் நிலைமை வேறு. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் தோட்ட முகாமையாளரும் பிரதேச சபை உறுப்பினரும் அதைப் புரட்டிப் பார்த்தே ஆகவேண்டும். ஆய்வுகூடச் சோதனையை எந்த இடத்தில் செய்ய வேண்டும் என்பதையும் அக்கொப்பியே காட்டிக் கொடுக்கும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட, படைப்பைப் பேணுவது பற்றிய சுற்றுமடலில், பாதுகாப்பான குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்பதையும், கெட்ட நீரால் முதலில் துன்புறுவோர் ஏழைகளே என்பதையும் எடுத்துரைத்தார். செப்டெம்பர் 1 முதல் ஒக்ரோபர் 4 வரை திருச்சபைகள் படைப்பின் காலத்தை அனுசரிக்கின்றன. தென்மேல் பருவ மழை ஓயும் காலமும் அதுவே. இவ்வாண்டு அந்நாட்களில் ஒவ்வொரு பங்கிலும், ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு குழுவாவது தன் ஓடையில் இறங்கிக் கல்லைப் புரட்டிப் பார்க்கட்டும். கத்தோலிக்கர், இந்துக்கள், பௌத்தர், இஸ்லாமியர் என்று எவரையும் விலக்காமல், ஓடையை அண்டி வாழும் அனைவரையும் அழைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள கிராமத்தவரும் கீழே உள்ள தோட்டத்தவரும் ஒரே வலையைப் பிடித்து நின்றால், பிறகு ஒருவரையொருவர் பழி சொல்வது குறையும்.

முதல் கொப்பியின் முதல் பக்கத்தில் ஓடையின் பெயரையும், தேதியையும், ஆராய்ந்தவர்களின் பெயர்களையும் எழுதி, அதைப் பங்குமனையிலோ வாசிகசாலையிலோ பத்திரமாக வையுங்கள். இன்று பத்து வயதுப் பிள்ளை எழுதும் அந்த எண்ணை, அப்பிள்ளை வளர்ந்து தாயோ தகப்பனோ ஆனபின் எடுத்துப் பார்க்கும் நாள் வரும். அன்று புள்ளி ஏறியிருக்குமா, இறங்கியிருக்குமா என்பது இன்று நாம் செய்வதைப் பொறுத்திருக்கிறது.